பாதி தீர்ந்த சோடா லைம்: மறுபடி பயன்படுத்தலாமா?

சுண்ணாம்பு டப்பியைத் திறந்து போட்டால் மேலே ஆடை கட்டி இறுகிவிடும், காரமும் போய்விடும். வெற்றிலை போடும் எந்தப் பாட்டிக்கும் இது தெரியும். காற்றிலுள்ள கரியமில வாயு ஈரச் சுண்ணாம்பைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றிவிடுவதுதான் காரணம்.  ரீபிரீதர் மாட்டிக்கொண்டு கடலில் மூழ்குபவரின் உயிர் இதே மாற்றத்தை நம்பித்தான் இருக்கிறது.

சாதாரண முக்குளிப்பில் விட்ட மூச்சு குமிழியாகப் போய்விடும். ரீபிரீதரில் அது சுற்றி வந்து மறுபடி நுரையீரலுக்கே போகும். செலவான ஆக்சிஜனைக் கருவி ஈடுகட்டும். கரியமில வாயுவை ஒரு டப்பாவில் அடைத்த சோடா லைம் குருணை பிடித்துக்கொள்ளும். 1878-இல் ஹென்றி ஃப்ளூஸ் செய்த கருவியில் காஸ்டிக் பொட்டாஷில் ஊறிய கயிற்று நார் இந்த வேலையைச் செய்தது. இன்று ஆபரேஷன் தியேட்டரின் மயக்க மருந்து இயந்திரங்கள் பலவற்றிலும் சோடா லைம்தான்.

குருணையில் பெரும்பகுதி நீற்றிய சுண்ணாம்பு. கொஞ்சம் காஸ்டிக் சோடா, போதிய ஈரம். வாயு முதலில் அந்த ஈரத்தில் கரைய வேண்டும். காய்ந்த குருணை சரியாக உறிஞ்சாது. ஒருமுறை சுண்ணாம்புக்கல்லான குருணை வெயிலில் உலர்த்தினாலும் திரும்பாது. அதற்குச் சூளை வெப்பம் வேண்டும்.

சோடா லைம் மலிவல்ல. அதனால் ஒரு மணி நேரம் ஓடிய டப்பாவை மறுநாளும் பயன்படுத்த ஆசை வருவது இயல்பு. 2018-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 2.64 கிலோ அடைத்த டப்பாக்களை 90 நிமிடம் ஓட்டி, எடுத்து வைத்து, பிறகு கரியமில வாயு கசியும்வரை மறுபடி ஓட்டினார்கள். 28 நாள் திறந்து கிடந்தவை மொத்தம் சராசரியாக 188 நிமிடம் தாங்கின. காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய பிளாஸ்டிக் பையில் அதே 28 நாள் இருந்தவை 241. ஓர் இரவு மட்டும் திறந்திருந்தவை 239. ஓர் இரவால் கேடில்லை. ஒரு மாதம் திறந்து போட்டால் ஏறத்தாழ 50 நிமிடம் போச்சு.

இதில் முக்கியமானது, அவர்கள் குருணையைக் கொட்டாமல் டப்பாவில் அடைத்தபடியே வைத்தார்கள். வாயு நுழையும் பக்கத்துக் குருணைதான் முதலில் தீரும். கடைசிப் பக்கம் புதிதாகவே காவல் நிற்கும். கொட்டி மறுபடி அடைத்தால் தீர்ந்ததும் தீராததும் கலந்து, காவலே இல்லாமல் போகும். மிச்சத்தோடு புதுசைக் கலப்பதும் அதே தவறுதான்.

நிறத்தையும் நம்ப முடியாது. சிலவகைக் குருணை தீரும்போது ஊதாவாகும். சும்மா வைத்திருந்தால் மறுபடி வெளுத்துவிடும்.

கரியமில வாயு ஏறினால் மூச்சிரைப்பு, தலைவலி, குழப்பம், பிறகு மயக்கம். நீருக்கடியில் குழப்பம் வந்தவுடனேயே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் புத்தி போய்விடுகிறது. ஆகவே ஓடிய நிமிடங்களை டப்பாமேலேயே எழுதி ஒட்டுங்கள். மொத்தக் கணக்கு தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. கணக்குத் தெரியாத டப்பாவில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கொட்டிவிடுங்கள்.