18 கோடி டு 14 கோடி: ஜடேஜா டிரேடில் யாருக்கு என்ன மிச்சம்?

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. ஒரு வாரமாக வதந்தியாக ஓடிக்கொண்டிருந்தது உறுதியாகிவிட்டது. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரணும் ராஜஸ்தான் ராயல்ஸுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டுகிறவரிலிருந்து கைமுறுக்குக் கடை கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வரை எல்லார் போனிலும் இதே பேச்சுதான். முதுகில் 8 என்று போட்ட மஞ்சள் ஜெர்சியை வைத்திருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

கோபம் இரண்டு பக்கமும் பாய்ந்தது. 'துரத்திவிட்டார்கள்' என்று ஒரு கூட்டம், 'அவரே கிளம்பிவிட்டார்' என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே முழுசா சரியில்லை.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். ஐபிஎல் டிரேடுக்கு மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு அணிகளோடு வீரரும் சம்மதிக்க வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் இப்படிக் கிடையாது. அங்கே ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தாலோ, பத்து வருட அனுபவத்தில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்திருந்தாலோதான் ஒரு வீரர் 'மாட்டேன்' என்று சொல்ல முடியும். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஜடேஜா அப்படி அனுப்பப்பட்டவர் இல்லை, ஒப்புக்கொண்டு போனவர்.

அதுவும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு. சென்னையில் அவருக்கு 18 கோடி. ராஜஸ்தானில் 14 கோடி. கரணின் 2.4 கோடியும் சாம்சனின் 18 கோடியும் மாறவில்லை. இப்போ கொஞ்சம் கணக்குப் போடுங்க. சென்னை கையை விட்டுப் போனது 20.4 கோடி, வந்தது 18 கோடி. ஆக, பர்ஸில் 2.4 கோடி மிச்சம். ராஜஸ்தானிலிருந்து 18 கோடி போய் 16.4 கோடி வந்தது. அங்கே 1.6 கோடி மிச்சம். இரண்டையும் கூட்டினால் சரியாக 4 கோடி. ஜடேஜா விட்டுக்கொடுத்த அதே 4 கோடி! மினி ஏலத்துக்கு முன்னால் இரண்டு அணிகளுமே லாபத்தில் நிற்கின்றன. நஷ்டம் காகிதத்தில் ஒருவருக்குத்தான்.

சென்னை ஏன் இப்படி இறங்கியது என்பதும் புரியாத விஷயமில்லை. 2025 சீசனில் 14 ஆட்டங்களில் 4 வெற்றி, வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடம். தோனிக்கு 44 வயது. ஜடேஜாவுக்கு டிசம்பரில் 37. சாம்சனுக்கு 31, மேல் வரிசையில் ஆடுவார், கீப்பிங்கும் செய்வார். அந்த மாதிரி இந்திய வீரர் ஏலத்தில் சுலபமாகக் கிடைப்பதில்லை. கணக்காகப் பார்த்தால் சரியான முடிவு என்றே எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் ரசிகர் கணக்கு வேறு. 2023 இறுதிப் போட்டி, அகமதாபாத். மழையால் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டி ஓடுகிறது. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மா வீச, ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார். அந்த ராத்திரி முழித்திருந்தவர்களிடம் போய் 2.4 கோடி மிச்சம் என்று சொல்லிப் பாருங்க!

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. அதே 2023-ல், தான் முன்னால் இறங்கினால் தோனியைப் பார்ப்பதற்காக ரசிகர்கள் தன் விக்கெட் விழக் காத்திருப்பார்கள் என்று ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார். பொய்யில்லை. சேப்பாக்கத்தில் அவர் அவுட்டானபோது கைதட்டியவர்களில் எத்தனை பேர் இன்று 'தளபதியை அனுப்பிட்டாங்களே' என்று ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்களோ!

சேலம் பக்கத்து ரசிகர்களுக்கு வீரர் அணி மாறுவது பழகிய சங்கதிதான். சின்னப்பம்பட்டி நடராஜன் 2017-ல் 3 கோடிக்குப் பஞ்சாப் போனார், அடுத்த வருடம் 40 லட்சத்துக்கு ஹைதராபாத், 2025-ல் 10.75 கோடிக்கு டெல்லி. ஜெர்சி நிறம் மாறினாலும் 'நம்மூர் பையன்' மாறவில்லை. ஆனால் ஜடேஜா ஜாம்நகர்க்காரர். அவரை இங்கே நம்மவராக்கியது அந்த மஞ்சள் சட்டை மட்டும்தான். சட்டை போனபிறகும் மனசு விடமாட்டேன் என்கிறதே, அதுதான் இந்த வாரம் பலருக்கும் புதுசாக இருக்கிறது.

ராஜஸ்தான் அவருக்குப் புது இடமில்லை. 2008-ல் கோப்பை வென்ற அணியில் அவர் 19 வயதுப் பையன். 2010-ல், ராஜஸ்தான் ஒப்பந்தத்தில் இருக்கும்போதே வேறு அணியுடன் நேரடியாகப் பேரம் பேசினார் என்று அந்த சீசன் முழுக்கத் தடை விதித்தார்கள். 15 வருடம் கழித்து அணி மாறும் பேச்சை விதிப்படியே முடித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போகிறார்.

அணி மாறியவரை ரசிகர்கள் எப்படி வரவேற்பார்கள் என்பதற்கு முன்னுதாரணம் நல்லதாக இல்லை. குஜராத்திலிருந்து மும்பைக்கு டிரேடான ஹர்திக் பாண்டியாவை 2024-ல் அகமதாபாத்தில் கூச்சல் போட்டு வரவேற்றார்கள். சொந்த மைதானமான வான்கடேவிலும் விடவில்லை. ஆனால் அங்கே ரோஹித் சர்மாவின் கேப்டன் பதவியும் சேர்ந்து கைமாறியிருந்தது. ஜடேஜா யாருடைய நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பிங்க் ஜெர்சியில் அவர் சேப்பாக்கம் படிக்கட்டில் இறங்கி வரும் நாளில் விசில் அடிப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவர் சென்னை விக்கெட்டை எடுத்தால் என்ன செய்வார்கள் என்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.