பரணில் இருக்கிறதா தனுஷ்கோடி?

ஒரு காலத்தில் தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பினால், இடுப்பு எங்கே, முதுகு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மணலில் அப்படிக் குதித்துக் குதித்துப் போகும் வேன்! 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தாச்சு. ஜாலியாகப் போகிறோம். இடிந்த சர்ச் முன்னால் ஒரு செல்ஃபி, பாழடைந்த ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு செல்ஃபி. போனில் மெமரி ஃபுல். சரி, அந்த ஊரோட மெமரி?

ஜேஜேன்னு இருந்த ஊர் ஸார் அது! துறைமுகம், போஸ்ட் ஆபீஸ், கஸ்டம்ஸ் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. 1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகு, எழும்பூரில் 'போட் மெயில்' ஏறினால் தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், அப்புறம் கொழும்பு. எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்!

1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில், கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், ஸ்டேஷனைத் தொடுவதற்குள் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. விடிந்தபோது ஊர் இல்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. அப்படியும் சில மீனவக் குடும்பங்கள் அந்த மணலை விடவில்லை.

இடிபாடுகளின் படம் எக்கச்சக்கம். புயலுக்கு முந்தைய ஊரின் படம்தான் அபூர்வம். சுவரில் மாட்டியிருந்த கல்யாண ஃபோட்டோ, சுவரோடு போயிடுச்சே! "நம்ம வீடு எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று பேரன் கேட்டால், தாத்தா கடலைத்தான் கைகாட்ட வேண்டும்.

அன்றைக்குக் காமிரா யார் கையில் இருந்திருக்கும்? கப்பலுக்குக் காத்திருந்த பயணிகள், ரயில்வே, கஸ்டம்ஸ் உத்தியோகஸ்தர்கள், தீர்த்தமாட வந்த குடும்பங்கள்... ஆக, தனுஷ்கோடியின் ஆல்பம் உங்கள் வீட்டுப் பரணில்கூட இருக்கலாம்! கொழும்புக்குப் போன உங்கள் தாத்தா கோட்டும் தொப்பியுமாக விறைப்பாக நிற்பார். அவர் இருக்கட்டும், பின்னால் தெரிகிற வீதிதான் விஷயம்.

படம் கிடைத்துவிட்டால், அதை ஸ்கேன் பண்ணுவது பாதி வேலைதான். ஒரு பிரதியை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள். "இது ஆண் கடல் பக்கமாச்சே!" என்பார்கள். கொந்தளிக்கிற மன்னார் வளைகுடா அவர்களுக்கு ஆண் கடல். மறுபக்கம் அமைதியாகக் கிடப்பது பெண் கடல். இதைப் படம் சொல்லாது, பாட்டிதான் சொல்லணும். பேசப் பேச போனில் பதிவு பண்ணுங்கள். யார், எந்த இடம் என்பதைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனாவை அழுத்தினால் தாத்தா கன்னத்தில் தழும்பு விழும்! இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் பஞ்சாயத்து வேண்டாம். இரண்டையும் எழுதி வையுங்கள்.

1964-ல் பத்து வயசுப் பையனாக இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டியாச்சு. சர்ச் சுவர் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். அவர் ஞாபகம் நிற்குமா?

ஏணியை எடுங்க ஸார்... பரண் காத்திருக்கு!