பத்தரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள்

சின்னக் குழந்தைகளோடு சென்னையில் கோடையைத் தள்ளுகிற எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். எங்கே போகலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எத்தனை மணிக்குப் போகிறோம் என்று பாருங்கள். காலை ஏழுக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் வீடு திரும்ப வேண்டும். சாயங்காலம் என்றால் ஐந்துக்கு மேல். ஒரு நாளைக்கு ஓர் இடம், அவ்வளவுதான்.

என் மகளும் மாப்பிள்ளையும் எட்டரைக்கு அலுவலகம் கிளம்பினால் இருட்டித்தான் வருவார்கள். ஆறு வயதுப் பேத்தியும் நாலு வயதுப் பேரனும் விடுமுறை முழுக்க என் பொறுப்பு. ஏப்ரல் பிறந்தால் வாசலில் தினம் ஒரு துண்டுப் பிரசுரம் வந்து விழும்: அபாகஸ், கையெழுத்து, ரோபோ செய்யும் முகாம். "சேர்த்துடலாமாம்மா? நீ ஒருத்தியா எப்படிச் சமாளிப்பே?" என்பாள் மகள். நாலு வயதுக்கு ரோபோ எதற்கு? மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினாலே அவனுக்கு அது பெரிய பயணம். பசுமைவழிச்சாலை தாண்டினால் அடையாறு ஆறு. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு கொக்கு எண்ணுவான். 5 வயதுக்குக் கீழே டிக்கெட்டும் கிடையாது. வேளச்சேரி வரை போய், இறங்காத குறையாக அடுத்த ரயிலில் திரும்பிய காலைகளும் உண்டு.

கோட்டூர்புரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்தது. முதல் தளத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு. நடுவில் ஒரு செயற்கை மரம், சுற்றிலும் குட்டி நாற்காலிகள். குளிர்சாதனம் வேறு, காசும் கேட்க மாட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதுக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை என்பேன். கிண்டி சிறுவர் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. 1972இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணையும் அதை ஒட்டியதுதான். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் திரும்பும்போது பிள்ளையை இடுப்பில்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 24ஆம் தேதி மட்டும் என் பத்தரை விதிக்கு விலக்கு. அன்று நண்பகலில் சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும். நிழலில்லா நாள் என்கிறார்கள். சூரியன் தினமும் உச்சிக்கு வருவதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நம் ஊருக்கு அது வருஷத்தில் இரண்டே முறை, வடக்கே போகும்போது ஒரு தடவை, தெற்கே திரும்பும்போது ஆகஸ்டில் ஒரு தடவை. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, 11 வாக்கில், மதுரைக்கு 16 வாக்கில், நமக்கு 24 வாக்கில். பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போங்கள். தரை கொதிக்கும், செருப்பு கட்டாயம். பக்கம் நேராக இருக்கிற பெருங்காய டப்பா ஒன்றை வெயிலில் நிறுத்தி, நிழலின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். அடுத்த கோடு டப்பாவுக்கு இன்னும் நெருங்கி விழும். 12.07 சுமாருக்கு நிழல் டப்பாவுக்கு அடியில் போய்விடும். பேரன் தன் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாட்டி, என் நிழல் எங்க போச்சு?" என்றான். பத்து நிமிஷத்தில் கீழே இறங்கி மோர் குடித்தோம்.

ஏப்ரல் முடிவதற்குள் பார்க்க வேண்டிய இன்னொன்று பெசன்ட் நகர் கடற்கரையில். ஜனவரி தொடங்கிப் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டை போல இருக்கும். நாயும் மனிதரும் எடுத்துவிடாதபடி தன்னார்வலர்கள் ராத்திரி நடந்து தேடி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைப்பார்கள். மாணவர்கள் 1988இல் தொடங்கிய வேலை இது. ஏறக்குறைய 45 நாள் கழித்துக் குஞ்சு வெளியே வரும். மணலில் சூடு கூடினால் பெண் ஆமை அதிகம் பிறக்கும், குறைந்தால் ஆண். குஞ்சு பொரித்த நாளில், பொழுது சாய்கிற நேரம், கடலுக்குச் சில அடி முன்னால் மணலில் விடுவார்கள். தூக்கிக் கடலில் போடுவதில்லை, அதுவாக நடந்து போக வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுத்த குஞ்சு. துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டு நகரும்போது ஈர மணலில் தையல் போட்டதுபோல் தடம் விழும். ஓர் அலை வந்து பின்னால் தள்ளும், திரும்ப எழுந்து நடக்கும். அந்த நேரம் செல்போன் விளக்கைப் போடாதீர்கள். வெளிச்சம் இருக்கிற பக்கம் கடல் என்று நினைத்துத் திரும்பிவிடும்.

கடற்கரை பற்றி இன்னொரு வார்த்தை. கடலைவிடத் தரை சீக்கிரம் சூடேறுவதால், மேலே எழும்பும் அனலின் இடத்தைப் பிடிக்க மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும். மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் அது தாமதமாகும், சில நாள் வரவே வராது. நாலு மணிக்கும் முகத்தில் அனல் அடித்தால் அன்றைக்குக் கடற்கரையை விட்டுவிடுங்கள். மெரினாவில் கணுக்கால் தண்ணீருக்கு மேல் கூடாது, கையையும் விடக் கூடாது.

மே மாத அக்னி நட்சத்திரத்தில் வெளியே போவதே குறைச்சல். தெருமுனை நுங்குக்காரரிடம் வாங்கும்போது உரித்துத் தரச் சொல்லாதீர்கள், சீவி மட்டும் தரச் சொல்லுங்கள். கட்டை விரலை விட்டு நோண்டிச் சாப்பிடட்டும். தண்ணீர் மூஞ்சியில் பீச்சி அடிக்கும், சட்டையில் கறை நிற்கும், போகட்டும். தின்று முடித்த கூந்தலில் ஒரே அளவாக இரண்டைப் பொறுக்கி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி, கவைக்குச்சியால் தள்ளினால் நுங்கு வண்டி. எங்கள் மாடிவீட்டுப் பிள்ளைகளும் அதற்காகவே இறங்கி வருவார்கள். மத்தியானத்துக்குப் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. பேத்தி கூட்டல் கற்றது இதில்தான். மூன்று வயதுக்குக் கீழே உள்ளது வீட்டில் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை, கொட்டை மூக்குக்குள் போகும்.

வண்டலூர் உயிரியல் பூங்காவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 600 ஹெக்டேர் பரப்பு, மே வெயிலில் குழந்தை கால் தாங்காது. டிசம்பரில் போங்கள். வேடந்தாங்கலும் அப்படியே, கோடையில் பறவைகள் குறைந்துவிடும். எழும்பூர் அருங்காட்சியகம் கட்டடத்துக்குள் என்பதால் பரவாயில்லை. கிளம்புவதற்கு முன் கிழமையைப் பாருங்கள். கிண்டிப் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, அருங்காட்சியகத்துக்கு வெள்ளி.