நாளொரு படம்

'நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக' வளர்வது என்று நம்மவரிடையே ஒரு வழக்கு உண்டு. வளரும் குழந்தையைக் குறித்து எழுந்த தொடர் அது. ஆயினும், அவ்வளர்ச்சியை வீட்டில் இருப்போர் காண்பதே இல்லை. ஆண்டிற்கொரு முறை ஊரிலிருந்து வரும் பாட்டிதான் "இதென்ன, இப்படி வளர்ந்துவிட்டாளே!" என்று வியக்கிறாள். அன்றாடம் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் புலப்படாது. அதனைப் புலப்படுத்தித் தருவதும், மிகுந்த செலவில்லாததும், எவரும் மேற்கொள்ளத்தக்கதுமான ஒரு பொழுதுபோக்கைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்குச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். நாளொன்றுக்கு ஒரே ஒரு நிழற்படம் எடுத்து, தேதியிட்டு, சேர்த்து வைப்பதே அது.

இதனை ஒரு தவம் போலச் செய்து முடித்தவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஜேமி லிவிங்ஸ்டன் என்பது அவர் பெயர். கல்லூரி மாணவராக இருக்கையில், 1979ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் அவர் இப்பணியைத் தொடங்கினார். போலராய்டு என்னும் கருவியைக் கொண்டு, நாளுக்கு ஒரு படம் என்பதே அவர் வகுத்துக்கொண்ட விதி. நண்பர்களின் முகங்கள், உண்ட தட்டு, நடந்த தெரு, கலைந்த படுக்கை என்று கண்ணில் பட்டவை எல்லாம் அதில் இடம்பெற்றன. பிறகு நோயுற்றார். மருத்துவமனைக் கட்டிலும் படமாயிற்று. தம் இறுதி மாதத்தில் செய்துகொண்ட திருமணமும் அந்த வரிசையில் சேர்ந்தது. 1997ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், தம் 41ஆவது பிறந்த நாளன்று, அவர் மறைந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட அந்த வரிசையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. தனித்தனியே எடுத்து நோக்கினால் பல படங்கள் சாதாரணமானவையே. ஒருசேரப் பார்க்கும்போதோ, ஒரு மனிதனின் வாழ்வு முழுவதும் நம் கண்முன்னே விரிகிறது.

இத்தகைய இடையறாத முயற்சிக்குத் தமிழரிடையேயும் முன்னோடிகள் உண்டு. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா அவர்களின் இளைய மைந்தர் மா. கிருஷ்ணன், காட்டுயிர்களை நிழற்படம் எடுப்பதிலும் அவற்றைப் பற்றி எழுதுவதிலும் பெரும்புகழ் பெற்றவர். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட பெட்டியால், கறுப்பு வெள்ளைப் படங்களையே அவர் எடுத்துவந்தார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950ஆம் ஆண்டில் தொடங்கிய பகுதியை 1996ஆம் ஆண்டில் மறையும் வரை, 46 ஆண்டுகள் விடாது எழுதினார். நம் பெங்களூரிலேயே வாழ்ந்து, காட்டுயிர்ப் படங்களால் உலகறிந்த டி. என். ஏ. பெருமாள் 2017ஆம் ஆண்டில்தான் மறைந்தார்.

நிழற்படக் கலைக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னைப் படையைச் சேர்ந்த அதிகாரி. நம்மைப் போல் மாதச் சம்பளம் பெற்றவரே. 1854ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் பேலூருக்கும் ஹளேபீடுக்கும் சென்று கோயில்களைப் படம் பிடித்தார். பின்னர் 1858ஆம் ஆண்டில் மதுரையையும் தஞ்சையையும் எடுத்தார். பெரிய பெட்டி, முக்காலி, மருந்துச் சீசாக்கள் ஆகியவற்றை ஊர் ஊராகச் சுமந்து சென்று எடுக்க வேண்டியிருந்த காலம் அது. இன்று அவ்வளவும் சட்டைப் பைக்குள் கைப்பேசியாக அடங்கிவிட்டது.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் பாட்டனார் காலத்து அக்பா கிளிக் பெட்டியில் ஒரு சுருளுக்கு 12 படங்கள். நாளொரு படம் என்றால் ஆண்டிற்கு 31 சுருள்கள் வேண்டும். கழுவும் கூலியும் அச்சிடும் கூலியும் தனி. ஒரு குமாஸ்தாவின் குடும்பம் இதனை நினைத்தும் பார்த்திருக்க இயலாது. இக்காலத்துக் கைப்பேசியிலோ, ஒரு படத்திற்கு நான்கு மெகாபைட் என்று கொண்டாலும், ஆண்டு முழுவதற்கும் ஒன்றரை கிகாபைட் போதும். பத்தாண்டுப் படங்கள் விரல் நகத்தளவான ஓர் அட்டையில் அடங்கும்.

'கைப்பேசியில்தான் ஆயிரக்கணக்கில் படங்கள் குவிந்து கிடக்கின்றனவே, இதில் புதுமை என்ன?' என்று அன்பர்கள் கேட்கலாம். குவியல் வேறு, வரிசை வேறு. குவியலில் இருப்பவை பெரும்பாலும் திருமணம், பிறந்த நாள், திருப்பதிப் பயணம் ஆகியவையே. அந்நாட்களில் நாம் நாமாக இருப்பதில்லை. பட்டுடுத்தி, பூச்சூடி, விறைத்து நிற்கிறோம். நாம் நாமாக வாழும் மற்ற நாட்களுக்குச் சான்று இல்லாமல் போகிறது.

இதற்கு என் இல்லமே எடுத்துக்காட்டு. என் தந்தையார் இருப்புப்பாதையில் கேங்மேனாகப் பணிபுரிந்தவர். நான் பள்ளியில் படிக்கும்போதே காலமானார். அவருடைய படங்களாக எங்களிடம் இருப்பவை மூன்றே. மணக்கோலத்தில் ஒன்று, அலுவலகச் சீட்டுக்காக எடுத்தது ஒன்று, மாலையிட்டு நாற்காலியில் அமர்த்தி, இறுதியாக எடுத்தது ஒன்று. "தாத்தா வேலைக்குப் போகும்போது எப்படி இருப்பார்?" என்று என் மகள் ஒரு நாள் கேட்டாள். தோளில் சுத்தியலும் கையில் சிவப்புக் கொடியுமாக விடியுமுன் புறப்படுவார் என்று என் தாயார் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். அந்தக் கோலத்தை அறிந்தவை என் தாயாரின் கண்கள் மட்டுமே. அவருக்குப் பின் அது எவர் கண்ணிலும் இராது.

2023ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று நாளொரு படத்தை நான் தொடங்கியதற்குக் காரணம் இதுவே. படங்கள் இப்போது ஆயிரத்தைக் கடந்துவிட்டன. என் தாயார் பழைய படியால் அரிசி அளப்பதும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டே அதனைத் தேடுவதும், மகளின் காலணிகள் வாசலில் அளவு மாறிக்கொண்டே வருவதும் அவற்றில் இருக்கின்றன. அழகிய படங்கள் என்று சொல்ல மாட்டேன். உண்மையான படங்கள் என்று சொல்வேன்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது இன்னும் அவசியம். ஊரில் இருப்போர்க்குப் பரம்பரை வீடும் கிணறும் கோயில் மரமும் நினைவுச் சின்னங்கள். வாடகை வீடு மாறி மாறி வாழும் நமக்கு அவ்வாறு நிலைத்து நிற்பது எது? நகரமும் நம் கண்ணெதிரே உருமாறுகிறது. மகாத்மா காந்தி சாலைக்கு மெட்ரோ வண்டி வந்தது 2011ஆம் ஆண்டில். அதற்கு முன் அங்கிருந்த மர நிழல் நடைபாதையை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? அல்சூர் ஏரிக்கரையில் 1991ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, 18 ஆண்டுகள் மூடப்பட்டே இருந்து, 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. மூடிய சிலையைக் கடந்து பள்ளிக்குச் சென்ற சிறுவன், திறப்பு நாளில் தன் குழந்தையைத் தோளில் ஏந்தி நின்றிருக்கக் கூடும். அவ்வழியே நாளும் நடந்த ஒருவர் நாளொரு படம் எடுத்திருந்தால், அஃது இந்நகரத் தமிழரின் வரலாறாகவே அமைந்திருக்கும்.

எதை எடுப்பது என்ற கவலை வேண்டாம். பெங்களூரே நாட்காட்டி போன்றது. ஆண்டுத் தொடக்கத்தில் சாலை மரங்கள் இளஞ்சிவப்பாய்ப் பூக்கும், சித்திரையில் கரகம், ஆடியில் மாரியம்மன் கோயில் கூழ், செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா திருவிழா, கார்த்திகையில் பசவனகுடிக் கடலைக்காய்ச் சந்தை. இவையெல்லாம் இல்லாத நாளில், மாரிக்குப்பம் வண்டியிலிருந்து காலையில் இறங்கும் கூட்டம் இருக்கவே இருக்கிறது. 2001ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின், நாள்தோறும் இந்நகருக்கு வந்து பிழைத்துச் செல்லும் தமிழர் அதில் எத்தனை பேர்!

இனி, தொடங்க விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்:

முதலாவது, ஒரு நாளைக்கு ஒரு படமே வைத்துக்கொள்ளுங்கள். பத்து எடுத்தாலும் இரவில் ஒன்றைத் தெரிந்து மற்றவற்றை வரிசையில் சேர்க்காதீர்கள். தெரிந்தெடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் அன்றைய நாளை மீண்டும் நினைக்கிறோம்.

இரண்டாவது, படத்தோடு ஒரு வரி எழுதி வையுங்கள். தேதி, இடம், இருப்பவர் பெயர் போதும். பெயர் எழுதாத படம் முப்பது ஆண்டில் அந்நியர் படமாகிவிடும்.

மூன்றாவது, காலை ஒளியும் மாலை ஒளியும் முகத்திற்கு இதமானவை. உச்சி வெயில் கண்குழியை இருளாக்கும். வீட்டினுள் எடுக்கும்போது, எடுக்கப்படுபவரைச் சன்னலுக்கு எதிராக அமர்த்தி, சன்னல் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள்.

நான்காவது, ஒரு நாள் விட்டுப் போனால் அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள். மறுநாள் படத்தால் அதனை நிரப்புவது பொய்க் கணக்கு எழுதுவதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, கைப்பேசி தொலையும், பழுதாகும். மாதந்தோறும் படங்களை வேறோர் இடத்திலும் பதிந்து வையுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டையேனும் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

பிறரை எடுக்குமுன் அனுமதி கேட்பது பண்பு. பூக்காரம்மாவிடம் "ஒந்து போட்டோ தெகீலா?" என்று கன்னடத்தில் கேட்டால், பெரும்பாலும் சிரிப்பே விடையாக வரும், வேண்டாம் என்றால் வணங்கி விலகுவோம். இருப்புப்பாதை ஊழியன் என்ற முறையில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். படத்திற்காகத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அது குற்றம். சட்டம் இருக்கட்டும், வரும் வண்டிக்கு நம் பொழுதுபோக்கு தெரியாது.

சிறுதுளி பெருவெள்ளம் என்பர். ஒரு நாளுக்கு ஒரு நிமிடம். ஓராண்டுக்கு ஆறு மணி நேரம். சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இதனை மேற்கொண்டு, வீட்டில் மூத்தவர் ஒருவர் தம் அன்றாட வேலையில் இருக்கும் படத்தை முதற்படமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். அவர்கள் "எனக்கெதற்குப் படம்? தலைகூட வாரவில்லையே" என்பார்கள். அந்தக் கோலமே நமக்கு வேண்டுவது.