எடை குறைப்பு ஆபரேஷன்: வயித்துல டியூப் வைக்கலைன்னா தப்பா?

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரே ஒரு கேள்விதான். எடை குறைப்பு ஆபரேஷன் முடிஞ்சதும் வயித்துல டிரெயின் டியூப் வைப்பாங்களா, மாட்டாங்களா?

கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா எங்க ஊர் வடக்கனந்தல் பக்கம் இது ஒரு குடும்பத்தையே தூங்க விடாது. "எதிர்வீட்டு மாமாவுக்குக் குடல் ஆபரேஷன் பண்ணப்போ ரெண்டு பக்கமும் டியூப் இருந்துச்சே, நம்ம புள்ளைக்கு ஒன்னுமே வைக்கலையே, ஏனோதானோன்னு பண்ணிட்டாங்களோ?" இது ஒரு பயம். டியூப் வெச்சிருந்தா, "உள்ள ஏதோ ஆயிடுச்சு, நம்மகிட்ட மறைக்கிறாங்க". இது இன்னொரு பயம். ரெண்டுமே தேவையில்லாத பயம். பயப்பட வேண்டிய இடம் வேற ஒன்னு இருக்கு, அதுக்குத்தான் இந்த எபிசோடு.

2024 ஏப்ரல்ல சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இளைஞர் ஒருத்தர் இறந்துபோனார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆபரேஷன் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அவர் நிலைமை மோசமானதா செய்தி வந்துச்சு. அதுக்கும் டியூபுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா அந்தச் செய்திக்கு அப்புறம் இந்த ஆபரேஷன்னாலே வீட்ல பத்து கேள்வி வருது. கேட்கறது நல்லதுதான். சரியான கேள்வியா கேட்கணும், அவ்வளவுதான்.

முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. கோடு எழுதிப் பொழைக்கிறவன். உங்க விஷயத்துல உங்க சர்ஜன் சொல்றதுதான் கடைசி வார்த்தை.

டியூப் எதுக்கு?

நம்ம ஊர்ல இப்போ அதிகம் நடக்கிறது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயா விட்டுடுவாங்க. வெட்டின ஓரம் முழுக்க ஸ்டேப்ளர் போட்டு மூடியிருக்கும். அந்த நீளமான தையல்ல எங்கயாவது ஒரு சின்ன ஓட்டை விழுந்தா, உள்ள இருக்கிறது வயித்துக்குள்ள கசியும். இதுக்குப் பேர்தான் லீக். பெரும்பாலும் இது மேல் முனையில, உணவுக்குழாய் வந்து சேர்ற இடத்துக்குப் பக்கத்துல வரும். பொதுவா 100 பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வரலாம்னு சொல்வாங்க. அனுபவமுள்ள டீம் பண்ணினா அதைவிடக் குறைவு. ஆனா வந்தா விளையாட்டு இல்ல, உயிருக்கே ஆபத்து.

டிரெயின் டியூப்போட வேலை, உள்ள தேங்குற ரத்தத்தையும் நீரையும் வெளியே கொண்டுவர்றது. விலா ஓரமா ஒரு சின்னத் துளை வழியா வரும், முனையில கையால அமுக்கி விடற ஒரு பிளாஸ்டிக் பல்ப் தொங்கும். மூக்கு வழியா இரைப்பைக்குப் போற டியூப் வேற, இது வேற. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சர்ஜன்கள் ரொம்ப வருஷம் இதை எல்லாருக்கும் வெச்சாங்க. காரணம் நியாயமானது: உள்ள லீக் ஆனா, ரத்தம் கசிஞ்சா, டியூப்ல முதல்லயே தெரிஞ்சிடும். நம்ம பாஷைல சொன்னா, சர்வர்ல ஒரு அலெர்ட் செட் பண்ணி வைக்கிற மாதிரி.

அலெர்ட் சரியா அடிக்குதா?

இங்கதான் சிக்கல். முதல் விஷயம், நேரம். டியூப் வெச்சாலும் பெரும்பாலும் ஒன்னு ரெண்டு நாள்ல, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி எடுத்துடுவாங்க. ஸ்லீவ்ல வர்ற லீக்ல நிறைய, வீட்டுக்குப் போன பிறகுதான் தலைகாட்டும். ஒரு வாரம் கழிச்சு வரலாம், அதுக்கும் மேல ஆகலாம். பிரச்சினை வர்றப்போ அலெர்ட்டே கழட்டியாச்சு.

ரெண்டாவது, டியூப் உள்ள இருக்கும்போதும் அது ஏமாத்தும். ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிட்டா, உள்ள ரத்தம் போயிட்டே இருந்தாலும் பல்ப் காலியா இருக்கும். லீக் ஆன இடத்துல இருந்து டியூப் ரெண்டு விரல் தள்ளி இருந்தாலே ஒன்னும் தெரியாம போகலாம். பல்ப் சுத்தமா இருக்கு, அதனால எல்லாம் நல்லா இருக்குன்னு எடுத்துக்கவே முடியாது.

மூணாவது, டியூபுக்கும் ஒரு விலை இருக்கு. வலிக்கும், துளை வழியா கிருமி போகலாம், அதைவிட முக்கியமா எழுந்து நடக்கறதைத் தடுக்கும். உடல் பருமன் உள்ளவங்களுக்கு இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கால் நரம்புல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போறது பெரிய ஆபத்து. அதனாலதான் அன்னைக்கே எழுப்பி நடக்க வைக்கிறாங்க.

அமெரிக்காவுல பேரியாட்ரிக் ஆபரேஷன் விவரங்களைச் சேர்த்து வைக்கிற ஒரு பெரிய பதிவேடு இருக்கு. அதுல 1,40,000 பேருக்கு மேல எடுத்துப் பார்த்தாங்க. கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு டிரெயின் வெச்சிருந்தாங்க. வெச்சவங்ககிட்ட லீக் குறைஞ்சிருக்கணும் இல்லையா? குறையல, கொஞ்சம் கூடவே இருந்துச்சு. உடனே டியூபாலதான் லீக் வருதுன்னு வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க. சிக்கலான கேஸுக்குத்தான் சர்ஜன் டியூப் வைப்பார், அந்தக் கேஸ்கள்ல லீக்கும் அதிகமா இருக்கும். ஆனா எல்லாருக்கும் டியூப் வெச்சா பாதுகாப்புங்கிற நம்பிக்கைக்கு இதுல ஆதாரம் கிடைக்கல.

ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் தேறி எழறதுக்கான வழிமுறைகளை ஈராஸ் சொசைட்டின்னு ஒரு சர்வதேச அமைப்பு வெளியிடுது. எடை குறைப்பு ஆபரேஷனுக்கு 2016-ல முதல்ல வெளியிட்டாங்க, 2021-ல புதுப்பிச்சாங்க. வயித்து டிரெயினோ மூக்கு டியூபோ வழக்கமா எல்லாருக்கும் வைக்க வேண்டாம்னுதான் அதுல இருக்கு.

வழக்கமா வேண்டாம்னா, ஒருபோதும் வேண்டாம்னு அர்த்தம் இல்ல. ஏற்கெனவே ஒருமுறை பண்ணி இப்போ ரெண்டாவது தடவை திருத்தறாங்க, ஸ்டேப்ளர் சரியா விழல, ரத்தக் கசிவு அதிகமா இருந்துச்சு, உள்ளயே சாயமோ காத்தோ விட்டுச் சோதிக்கும்போது சந்தேகம் வந்துச்சு: இப்படி இருந்தா சர்ஜன் டியூப் வைப்பார். லீக் வந்து சீழ் கட்டினா, ஸ்கேன் பார்த்துக்கிட்டே டியூப் விட்டு அதை வெளியேத்தறது சிகிச்சையிலேயே ஒரு பகுதி. அதனால டியூப் வெச்சதும் கவனக்குறைவு இல்ல, வைக்காததும் இல்ல. "எங்களுக்கு ஏன் வெச்சீங்க, ஏன் வைக்கல?"ன்னு ஒரு வரி கேட்டுடுங்க. நல்ல சர்ஜன் ஒரு நிமிஷத்துல சொல்லிடுவார்.

டியூப் இருந்தா பல்ப்பை ஒரு கண் பாருங்க. முதல்ல சிவப்பா வர்றது போகப்போக வெளுத்து, அளவும் குறையணும். திடீர்னு சுத்த ரத்தமா வந்தாலோ, பச்சையா, கலங்கலா, நாத்தத்தோட வந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடணும்.

நிஜமான அலெர்ட் எங்க இருக்கு?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஆபரேஷன் சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ நடக்கும். ரெண்டு மூணு நாள்ல டிஸ்சார்ஜ். வடக்கனந்தலுக்கும் சென்னைக்கும் நடுவுல 200 கிலோமீட்டருக்கு மேல. கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பக்கம் வீடுன்னா, மலை இறங்கி ஏறுற நேரத்தையும் சேர்த்துக்கணும். லீக் வரக்கூடிய நாள்ல நீங்க வீட்ல இருப்பீங்க, சர்ஜன் அங்க இருப்பார். நான் சொன்ன பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

அந்த நாள்கள்ல நம்பக்கூடிய அலெர்ட் நாடித்துடிப்பு. உடம்பு பருமனா இருக்கிறவங்களுக்கு உள்ள பிரச்சினை இருந்தாலும் வயித்தைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். துடிப்பு முதல்ல காட்டிக்கொடுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 120-ஐத் தாண்டி அப்படியே நின்னா, அது அவசரம். 100-க்கு மேலயே இருந்துச்சுன்னா சர்ஜனுக்கு போன் போடுங்க. உங்க கைல ஸ்மார்ட்வாட்ச் இருக்கு, அதைக் கொஞ்ச நாளைக்கு அவங்க கைல கட்டுங்க. பிபிக்கோ இதயத்துக்கோ துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இந்த நம்பர் ஏறாமலே இருக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கூடவே காய்ச்சல், குறையாம ஏறிட்டே போற வயித்து வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்கறது, தண்ணிகூட உள்ள தங்காம வாந்தி. இதுல எது வந்தாலும் "கேஸா இருக்கும், ஓமத் தண்ணி குடி"ன்னு விட்டுடாதீங்க. நம்ம வீடுகள்ல நேரம் போறது அந்த ஓமத் தண்ணிலதான்.

சென்னைக்குக் கார் பிடிக்கிறதுக்கு முன்னாடி, பக்கத்துல சிகிச்சை கிடைக்கிற இடத்துக்குப் போங்க. எங்க பக்கத்துக்கு அது கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோட கொண்டுபோங்க. "ஸ்லீவ் பண்ணி இத்தனையாவது நாள்"னு முதல் வரியிலேயே சொல்லுங்க. ஆபரேஷன் பண்ணின டீமை போன்ல பிடிச்சு, அங்க இருக்கிற டாக்டர்கிட்ட கொடுத்துப் பேச வைங்க. புதுசா தைச்ச இரைப்பைக்குள்ள கண்ணை மூடிக்கிட்டு மூக்கு வழியா டியூப் விடக்கூடாதுங்கிற மாதிரி விஷயங்களை டாக்டரும் டாக்டரும் பேசிக்கிறதுதான் நல்லது.

அதனால ஆபரேஷனுக்குத் தேதி வாங்குறதுக்கு முன்னாடியே மூணு கேள்வி கேட்டு வெச்சுக்கோங்க. டிரெயின் வைப்பீங்களா, எந்தக் காரணத்துக்கு? டிஸ்சார்ஜுக்குப் பிறகு ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டா யார் எடுப்பாங்க? எங்க ஊர்ல இருந்து நாங்க முதல்ல எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்? ரெண்டாவது கேள்விக்கு ஒரு நம்பர் கிடைக்கலைன்னா, வேற இடம் பாருங்க.

இந்த எபிசோடை வீட்ல பெரியவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.