இருட்டில் எது ஓநாய்?

கயோட்டி, வட அமெரிக்காவில் வாழும் விலங்கு. நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உருவம். ஆட்டுக்குட்டிகளைக் கொல்வதால் பண்ணைக்காரர்கள் இரவில் அதை வேட்டையாடுகின்றனர். துணைக்கு, இருளில் பார்க்க உதவும் கருவியும் அகச்சிவப்பு விளக்கும். 850 நானோமீட்டர் விளக்கு தொலைவுக்கு எட்டும், ஆனால் அதன் முகப்பு மங்கலாகச் சிவக்கும். 940 விளக்கு கண்ணுக்கே தெரியாது, எட்டும் தூரமோ குறைவு.

கருவி விற்பவர்கள் தூரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கருவியில் ரோமத்தின் நிறம் தெரிவதில்லை. மின்னும் கண்களும் உருவமும்தான்.

வட கரோலினாவின் கிழக்கே வாழும் செவ்வோநாய், கயோட்டியைப் போலவே இருக்கும். 2012இல் மாநிலம் இரவு வேட்டையை அனுமதித்தபோது காட்டில் ஏறக்குறைய 100 செவ்வோநாய்களே இருந்தன. அவற்றையும் தோட்டாக்கள் விடவில்லை. வழக்கு நடந்தது. 2014 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 5 மாவட்டங்களில் கயோட்டி வேட்டையை நிறுத்தியது. நவம்பர் மாத உடன்பாட்டில் பகல் வேட்டை அனுமதிச் சீட்டுடன் திரும்பியது. இரவு வேட்டைக்கு அங்கு இடம் தரப்படவில்லை.