மன்னார்க் கடலடியின் முதல் சில நூறு மீற்றர்கள்

புவாண்ட்-கிளேர் ஏரிக்கரையில் பேசாலைப் பெரியவர் ஒருவர் எம்மை மறித்துக் கேட்டார்: "தம்பி, எங்கட கடலிலை துளை போடேக்கை காஸ் வெடிச்சா வள்ளங்களின்ரை கதி என்ன?"

வினா நியாயமானதே. அவரது ஊரிலேயே 1970களில் சோவியத் நிபுணர்களின் உதவியுடன் எண்ணெய் தேடப்பட்டது. 2011 இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் 'சிக்யூ' என்ற ஜப்பானியக் கப்பலைக் கொண்டு மன்னார்ப் படுகையில் துளையிட்டது. 1354 மீற்றர் ஆழமான நீரில் தோண்டப்பட்ட 'டொராடோ' கிணற்றில் இயற்கை வாயு காணப்பட்டது.

வாயு கிடைத்த ஆழம் பற்றியே அன்று யாவரும் பேசினர். துளையிடுவோர் முதலில் அஞ்சுவதோ கடலடியின் மேற்படைகளுக்கு. அங்குள்ள மணற்படைகளில் வாயு அடைபட்டிருக்கக்கூடும். அந்தக் கட்டத்தில் கிணற்றின் வாயை அடைக்கும் பெருங்கருவி பொருத்தப்பட்டிராது. அதனைத் தாங்கவேண்டிய இரும்புக்குழாய் இன்னும் சிமெந்திட்டு இறுக்கப்படவில்லை. படைகளும் வலுவற்றவை. வாயுவை அடக்க முற்பட்டால் அது குழாயின் புறத்தே கடலடியைப் பிளந்து மேலெழும். ஆகவே அதனை அடைக்காது, தளத்திலிருந்து விலக்கி வெளியேற்ற முயல்வர். அதுவும் பொய்த்ததுண்டு. 1985 அக்டோபர் 6 அன்று நோர்வேக் கடலில் 'வெஸ்ட் வான்கார்ட்' தளத்தில், வாயுவோடு வந்த மணல் விலக்குக் குழாயை அரித்துத் துளைத்தது. வெடிப்பு நிகழ்ந்து ஒருவர் மாண்டார்.

இதற்குக் காப்பு, துளையிட முன்னரே உண்டு. ஒலியலை கொண்டு மேற்படைகளை நுணுக்கமாக வரைந்து, வாயுவின் அடையாளம் தென்படின் கிணற்றின் இடத்தையே மாற்றுவர். ஐயம் எஞ்சினால் ஒடுங்கிய முன்துளை ஒன்றை இட்டு, கனத்த சேற்றைத் தயாராக வைத்திருப்பர். துளை ஒடுங்க ஒடுங்க, பீறிடும் வாயுவும் குறையும். அதை அடக்குதலும் எளிது.

பெரியவருக்கு ஓரளவு ஆறுதல் கூறலாம். ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட நீரில் வாயுக்குமிழிகள் சிதறி, நீரோட்டத்தில் அள்ளுண்டு, மேற்பரப்புக்கு வருமுன்பே பெரிதும் கரைந்துவிடும். ஆழமற்ற பாக்குக் குடாவுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. 1970களில் அங்கும் துளையிட்டார்கள். நாளை மீண்டும் அங்கே ஒரு தளம் நிறுத்தப்படுமாயின், கீழே பீறிடும் வாயு நேரே வள்ளங்களுக்கிடையிலேயே எழும். தளத்தைச் சூழ 500 மீற்றர் வரை பாதுகாப்பு வலயம் விதிக்கச் சர்வதேசக் கடற்சட்டம் இடமளிக்கிறது; வலை போட்டவனுக்கு அது தடையாகவே தெரியும், காரணம் சொல்லப்படாவிட்டால்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட பெரியவர் சொன்னார்: "அப்ப அந்தக் கடலடிப் படத்தைத் தமிழிலை எழுதி, தளம் வர முந்தி எங்கட சங்கத்திலை கொண்டுவந்து ஒட்டட்டும்."